ஐஸ் ஹாக்கி வீரர்களின் தலைமைப் பண்பை எப்படி எடைபோடுவது?

கேள்வி: வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் ஒரு வீரரைப் பற்றிப் பேசும்போது தலைமைப் பண்பு, மனவுறுதி, பெரிய ஆட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் குணம் என்றெல்லாம் சொல்கிறார்கள். எண்ணில் பிடிபடாத இவற்றை எப்படி மதிப்பிடுவது? இவை உண்மையிலேயே இருக்கின்றனவா, ஜெயித்தவர்களுக்கு நாம் சூட்டும் பட்டமா?

இருக்கின்றன என்றே நம்புகிறேன். நாம் பார்க்கிற நேரத்தில்தான் கோளாறு. லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையை ஒருவர் தலைக்குமேல் தூக்கிய பிறகு அவர் முகத்தைப் பார்க்கிறோம். அப்போது யார் முகத்திலும் தலைமைக் களை தெரியத்தான் செய்யும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஆட்டத்தைப் பார்த்துவருகிறேன். ஒரு வீரரின் குணத்தைப் பற்றி நான் சொல்வதை, முடிவு தெரிவதற்கு முன்பே தாளில் எழுதிவைக்க முடியுமா என்று என்னையே கேட்டுக்கொள்வது இப்போது பழக்கமாகிவிட்டது. முடியாது என்றால் நான் அந்த வீரரைப் பார்க்கவில்லை, ஸ்கோரைத்தான் பார்த்திருக்கிறேன்.

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் ஸ்டீவ் ஐசர்மனை எடுத்துக்கொள்வோம். 1986-இல், 21 வயதில் அவரைக் கேப்டனாக்கினார்கள். 1988-89 பருவத்தில் 65 கோல் அடித்தார், 90 கோலுக்குத் துணைநின்றார், ஆக 155 புள்ளிகள். கோப்பை மட்டும் வரவில்லை. 1995 இறுதிச் சுற்றில் நியூ ஜெர்சி டெவில்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் பறிகொடுத்தார்கள். அடுத்த பருவத்தில் 62 ஆட்டங்களை வென்றுவிட்டு, பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றில் கொலராடோவிடம் வீழ்ந்தார்கள். திறமைசாலிதான், ஆனால் அணியை இழுத்துச் செல்லும் ஆள் இல்லை என்பது அன்றைக்கு அவரைப் பற்றிய சாதாரணப் பேச்சு. அவரை ஒட்டாவா அணிக்குக் கைமாற்றப் போகிறார்கள் என்றுகூடச் செய்தி அடிபட்டது. பிறகு 1997-இல் டெட்ராய்ட் கோப்பையை வென்றது. 1955-க்குப் பிறகு முதல் முறை. 1998-இல் மீண்டும், 2002-இல் மீண்டும். இன்று ஹாக்கியில் தலைமை என்ற பேச்சு வந்தால் முதல் வரிசையில் சொல்லப்படும் பெயர் ஐசர்மன்.

ஒரே ஆண்டில் அந்த மனிதரின் குணம் தலைகீழாக மாறிவிட்டதா என்ன? உண்மையில் அடையாளம் முன்பே கண்முன் இருந்தது. 1993-இல் பயிற்சியாளராக வந்த ஸ்காட்டி போமன், கோல் அடிப்பதோடு நில்லாமல் தன் பக்கம் இறங்கிவந்து தற்காப்பிலும் உழைக்க வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்த்தார். 155 புள்ளி எடுத்த ஒருவரிடம் இப்படிக் கேட்பது சாமானியமான விஷயம் இல்லை. ஐசர்மன் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தப் பருவத்திலும் அவர் 100 புள்ளியைத் தொடவில்லை. 2000-இல் சிறந்த தற்காப்பு முன்கள வீரருக்கான செல்கி விருது அவருக்குக் கிடைத்தது. அணியின் நட்சத்திரமே எதிராளியைத் துரத்திக்கொண்டு தன் கோல் வரை ஓடிவரும்போது, நான்காம் வரிசையில் ஆடும் கடைநிலை வீரன் சும்மா நிற்க முடியுமா? 1995-லேயே இதைப் பார்த்து எழுதியிருக்கலாம். பெரும்பாலோர் பார்க்கவில்லை, ஏனென்றால் எல்லோர் கண்ணும் கோப்பை வரவில்லையே என்பதில் இருந்தது.

அடுத்து மார்க் மெஸ்ஸியே. தேசிய ஹாக்கி லீக் ஆண்டுதோறும் தரும் தலைமைப் பண்பு விருதே அவர் பெயரில் இருக்கிறது. 1994 மே மாதம், ஏழு ஆட்டத் தொடரில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் 3-2 என்று பின்தங்கியிருந்த நிலையில், ஆறாவது ஆட்டத்தை வெல்வோம் என்று பத்திரிகையாளர்களிடம் உறுதி சொன்னார். ஆட்டத்தில் முதலில் இரண்டு கோல் பின்தங்கினார்கள். கடைசிப் பகுதியில் அவரே மூன்று கோல் அடித்தார். 4-2 என்று வென்றார்கள். அடுத்த மாதம் கோப்பை, நியூயார்க்குக்கு 1940-க்குப் பிறகு முதல் கோப்பை. இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். எனக்கும் அந்த ஆட்டத்தின் பதிவைப் பார்க்கும்போது இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

ஆனால் அதே மெஸ்ஸியே 1997-இல் வான்கூவருக்குப் போனார். அங்கே பல ஆண்டுகளாகக் கேப்டனாக இருந்து ஊர் மக்களின் அன்பைப் பெற்றிருந்த ட்ரெவர் லிண்டனின் மார்பிலிருந்த, கேப்டனைக் குறிக்கும் ‘C’ எழுத்து இவருடைய சட்டைக்கு மாறியது. அந்தப் பருவம் முடிவதற்குள் லிண்டன் வேறு அணிக்குக் கைமாற்றப்பட்டார். மெஸ்ஸியே இருந்த மூன்று பருவங்களிலும் வான்கூவர் பிளே-ஆஃபைத் தொடவில்லை. வான்கூவர் ரசிகர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் சுருங்கும். பிறகு நியூயார்க்குக்கே திரும்பினார், மீண்டும் கேப்டன், நான்கு பருவங்கள். அவற்றிலும் பிளே-ஆஃப் இல்லை. வயது ஒரு காரணம், சுற்றியிருந்த அணி ஒரு காரணம். இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான்: தலைமை என்பது ஒருவர் பெட்டியில் வைத்து ஊருக்கு ஊர் எடுத்துப்போகும் சாமான் அன்று. ஒரு மனிதருக்கும் ஒரு குறிப்பிட்ட அணிக்கும் இடையில் அது விளைகிறது. இவர் தலைவரா என்று கேட்பதைவிட, இவர் யாருக்குத் தலைவர், எந்த வேலையைச் செய்து தலைவர் என்று கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

சரி, எதைப் பார்ப்பது?

ஒரு முறை தொழில்முறை அணி ஒன்றின் திறந்த பயிற்சியைக் கண்ணாடிக்கு மிக அருகில் நின்று பார்த்தேன். இருவர் இருவராக வந்து, பக் எனப்படும் ரப்பர் வட்டைக் கடத்திக்கொண்டு போகும் பயிற்சி. புதிதாக வந்திருந்த ஓர் இளம் வீரர் மூன்று முறை தொடர்ந்து பாஸைத் தவறவிட்டார். மூன்றாவது முறை பயிற்சியாளர் விசிலை ஊதிச் சத்தம் போட்டார். இளைஞர் வரிசையின் கடைசிக்குப் போய்த் தலைகுனிந்து நின்றார். எதிர் வரிசையில் ஏறக்குறைய முன்னால் வந்துவிட்ட ஒரு மூத்த வீரர், தன் இடத்தை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போனார். இளைஞருக்கு நேர் எதிரே, அவருடைய ஜோடியாக. போகிற போக்கில் ஸ்டிக்கால் அவருடைய முழங்கால் காப்பில் இரண்டு தட்டு. ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சுற்றில் பக்கைக் கொஞ்சம் மெதுவாக, சரியாக மட்டையின் நடுவில் படும்படி அனுப்பினார். அந்த மூத்தவர் சட்டையில் எந்த எழுத்தும் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் அவர் பெயரைக் குறித்துவைத்தேன்.

ஆட்டத்தின்போதும் இது தெரியும், ஆனால் பக்கைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். ஒரே ஒரு வீரரை மட்டும் ஏழெட்டு ஷிப்ட் பாருங்கள். ஷிப்ட் என்பது ஒருவர் பெஞ்சிலிருந்து இறங்கி ஆடிவிட்டுத் திரும்பும் ஒரு தவணை, ஏறத்தாழ 45 வினாடி. நேரம் முடிந்ததும் பெஞ்சுக்குத் திரும்புகிறாரா, கோல் வாய்ப்பு வரும் என்று இன்னும் அரை நிமிடம் நின்றுவிடுகிறாரா? அந்த அரை நிமிடம் இன்னொருவருடையது; அதோடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவரைத்தான் எதிரணி ஏமாற்றி ஓடும். தன் தவறால் பக்கைப் பறிகொடுத்தால் கையை விரித்து நடுவரைப் பார்க்கிறாரா, உடனே திரும்பி ஓடுகிறாரா? தன் கோல்கீப்பர் எளிய கோலை விட்டுவிட்டால் முதலில் அவரிடம் போகிறவர் யார்? அணி 5-1 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது கடைசிப் பத்து நிமிடம் அவருடைய கால்கள் எப்படி இருக்கின்றன? எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஜனவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டம், பிளே-ஆஃபைவிட அதிகம் சொல்லும் என்பது என் அனுபவம். பிளே-ஆஃபில் எல்லோரும்தான் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள்.

உயிரைக் கொடுப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். 2013 ஜூனில் பாஸ்டனும் பிட்ஸ்பர்க்கும் மோதிய தொடரில், பாஸ்டனின் கிரெகரி கேம்ப்பெல் எவ்கேனி மால்கின் அடித்த பக்கின் முன்னால் விழுந்து தடுத்தார். கால் எலும்பு முறிந்துவிட்டது. ஒரு வீரர் தண்டனையில் வெளியே இருந்ததால் பாஸ்டன் ஓர் ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்த நேரம் அது. விளையாட்டை நிறுத்த வழியில்லை. எழுந்தார். ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டு, ஸ்டிக்கைப் பாஸ் வரும் பாதையில் நீட்டியபடி, ஏறத்தாழ ஒரு நிமிடம் அங்கேயே நின்றார். அரங்கமே அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. வலியில் முகம் கோணியிருந்தபோதும், தன்னால் அடைக்கக்கூடிய ஒரே பாதை எது என்று அவர் யோசித்தார் பாருங்கள், அதுதான் எனக்கு வியப்பு. அதே ஆண்டு இறுதிச் சுற்றில் அதே அணியின் பட்ரீஸ் பெர்ஜெரான் முறிந்த விலா எலும்போடு ஆடினார். நுரையீரலில் துளை விழுந்து மருத்துவமனைக்குப் போனார். இவர்களை மதிக்கிறேன். ஆனால் உடைந்த உடம்போடு ஆடுவதைக் குணத்தின் அளவுகோலாக்குவதை ஏற்க மாட்டேன். அந்த அளவுகோலுக்குப் பயந்து தலையில் அடிபட்டதை மறைத்து ஆடியவர்கள் இந்த ஆட்டத்தில் உண்டு. ஆட முடியாத நிலையை நேர்மையாகச் சொல்வதற்கும் துணிச்சல் வேண்டும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான் சறுக்கிய இடம் ஒன்று. டொராண்டோவில் வாழ்கிறவன் என்பதால், 2013 ஜூலையில் டேவிட் கிளார்க்சன் இங்குள்ள அணிக்கு வந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஏழு ஆண்டுக்கு 3 கோடியே 67.5 லட்சம் டாலர். நியூ ஜெர்சியில் ஒரு பருவத்தில் 30 கோல் அடித்தவர், முரட்டு உழைப்பாளி, அணிக்காக அடி வாங்குபவர் என்று பெயர். பருவம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு பயிற்சி ஆட்டத்தில், அணியின் நட்சத்திரம் ஃபில் கெஸலை எதிரணியின் முரடர் ஒருவர் தாக்க வந்தபோது, கிளார்க்சன் பெஞ்சிலிருந்து குதித்து உதவிக்கு ஓடினார். பெஞ்சை விட்டிறங்கிச் சண்டையில் சேர்ந்தால் 10 ஆட்டத் தடை என்பது விதி. பருவத்தின் முதல் 10 ஆட்டங்களை அவர் வெளியிலிருந்து பார்த்தார். அன்று நான் பெருமைப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். அந்தப் பருவத்தில் 60 ஆட்டங்களில் அவர் அடித்தது 5 கோல். இரண்டாவது பருவம் முடியும் முன்பே வேறு அணிக்குப் போய்விட்டார். அவர் மோசமானவர் ஆகிவிடவில்லை; நண்பனுக்காக ஓடியவர் ஓடியவர்தான். ஆட்டத்திறனுக்குக் கொடுக்க வேண்டிய விலையை நாங்கள் குணத்துக்குக் கொடுத்தோம்.

எண்களைப் பகைக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். பெர்ஜெரான் சின்னச் சின்ன வேலைகளைச் சரியாகச் செய்கிறார் என்று பயிற்சியாளர்கள் பல காலமாகப் புகழ்ந்தார்கள். கேட்பவர்களுக்கு அது வெறும் பாராட்டாகத் தோன்றியது. ஒரு வீரர் பனியில் இருக்கும்போது இரண்டு அணிகளும் எத்தனை முறை கோலை நோக்கி அடிக்கின்றன என்று எண்ணத் தொடங்கியபோது, அவர் இருக்கும் நேரமெல்லாம் பக் எதிராளியின் பக்கமே கிடந்தது கணக்கிலும் வந்தது. செல்கி விருதை ஆறு முறை வென்றார். நேற்றுவரை கண்ணுக்குத் தெரியாத குணம் என்றது இன்று எண்ணாகிவிடலாம். பெரிய ஆட்டத்து வீரர் என்ற பேச்சில் மட்டும் எனக்கு இன்னும் இருமனம். ஜஸ்டின் வில்லியம்ஸ், தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டங்கள் ஒன்பதில் 15 புள்ளி எடுத்தார். ஒன்பது ஆட்டம் என்பது ஒரு மாதத்துக்குக்கூடப் போதாத கணக்கு.

மார்பிலுள்ள எழுத்தை அதிகம் நம்பாதீர்கள். வேகாஸ் அணி தன் முதல் பருவமான 2017-18-இல் கேப்டனே இல்லாமல் இறுதிச் சுற்றுக்குப் போனது. 2020-இல் டம்பா பே கோப்பையை வென்றபோது கேப்டன் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் காயத்தால் பிளே-ஆஃப் முழுவதிலும் ஒரே ஆட்டத்தில், 2 நிமிடம் 47 வினாடிதான் ஆடினார். அதற்குள் ஒரு கோலும் அடித்தார்.

இன்னொன்று, இது எனக்கு உறுத்துகிற விஷயம். ஐரோப்பியர் கேப்டனாக இருந்தால் கோப்பை வராது என்று இங்கே வெளிப்படையாகவே பேசினார்கள். 2008-இல் ஸ்வீடனின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம், ஐரோப்பாவில் பிறந்து அங்கேயே ஆடி வளர்ந்த கேப்டன்களில் முதலாவதாகக் கோப்பையை வாங்கினார். பிறகு சாரா, ஒவெச்கின், லாண்டெஸ்கோக், பார்கோவ். அந்த வீரர்களிடம் இல்லை என்று சொல்லப்பட்ட அந்தக் குணம், சொன்னவர்களின் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே இருந்ததாம். எண்ணால் சோதிக்க முடியாத சொல்லுக்குள் தப்பெண்ணம் எளிதாகப் புகுந்துகொள்ளும். அதனால் யாராவது ஒரு வீரருக்குத் தலைமைப் பண்பு இல்லை என்றால், அவர் எந்த நாளில் எதைச் செய்யத் தவறினார் என்று கேளுங்கள். ஒரு நிகழ்ச்சியாவது சொல்ல வேண்டும்.

உடைமாற்றும் அறைக்குள் நடப்பது நமக்குத் தெரியாது. அதற்கு நான் பார்ப்பது, உடன் ஆடியவர்கள் வேறு அணிக்குப் போன பிறகு, எந்தக் கட்டாயமும் இல்லாதபோது, யார் பெயரைச் சொல்கிறார்கள் என்பதைத்தான். முதல் பருவத்தில் என்னைத் தன் வீட்டில் தங்கவைத்தார், தோற்ற இரவில் என்னோடு உட்கார்ந்திருந்தார் என்று இரண்டு மூன்று பேர் ஒரே மனிதரைச் சொன்னால் நம்புகிறேன்.

அணிகள் இதற்குப் பணம் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஆட்டத்திறனில் ஏறத்தாழ ஒன்றாக நிற்கும் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், கடைசி வரிசைக்குப் போய் நின்ற அந்த மூத்தவரை யோசிக்காமல் எடுப்பேன். ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு. ஏழாண்டுக்கு மாட்டேன்.