இதயம் மறுபடி வளருமா? – கடிதம்

வணக்கம் சார்,

அப்பாவுக்குப் போன வருடம் மாரடைப்பு வந்தது. பிழைத்துவிட்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, அது இனி திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அப்புறம் ஒரு காணொளி பார்த்தேன், மீனின் இதயத்தை வெட்டினாலும் அது திரும்ப வளர்ந்துவிடுமாம். விரல் நீளம்கூட இல்லாத மீனுக்கு முடிவது மனிதனுக்கு ஏன் முடியவில்லை? அந்த மரபணுவைக் கண்டுபிடித்து நமக்குள் வைத்துவிட்டால் போதும், 5 வருடத்தில் மருந்து வந்துவிடும் என்கிறார்கள். நம்பலாமா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

மீன் விஷயம் உண்மை. 5 வருடக் கணக்கை நம்பாதீர்கள். ‘அந்த மரபணு’ என்று ஒருமையில் சொல்கிறார்களே, அதை இன்னும் நம்பாதீர்கள்.

2002-ல் கென்னத் பாஸ், மார்க் கீட்டிங் ஆகியோரின் ஆராய்ச்சிக் குழு ஜீப்ரா மீன் என்ற சின்னத் தொட்டி மீனின் இதயக் கீழறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தது. ரத்தம் உறைந்து காயத்தை அடைத்தது, மீன் பிழைத்துக்கொண்டது, இரண்டு மாதத்தில் அந்த இடம் முழுக்கப் புதுத் தசை வந்து மற்ற தசையோடு சேர்ந்து துடித்தது. நமக்கு அதே இடத்தில் தழும்புதான் வரும். தழும்பு சுருங்கி விரியாது, அதன் வேலையையும் மிச்சமுள்ள தசையே சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும்.

இந்தப் புதுத் தசை எங்கிருந்து வந்தது? எங்கோ ஸ்டெம் செல்கள் (வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல்கள்) ஒளிந்திருக்கின்றன, காயம் பட்டதும் அவைதான் கிளம்பி வருகின்றன என்பதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றிய விடை. 2010-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரு வேலை செய்தன. வெட்டுவதற்கு முன்பே இதயத் தசை செல்களுக்கு அழியாத மரபணு அடையாளம் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். அந்த செல்லுக்கு எத்தனை தலைமுறை பிறந்தாலும் அடையாளம் கூடவே போகும். வெட்டி, வளரவிட்டுப் பார்த்தால் புதுத் தசையிலும் அதே அடையாளம். அதாவது காயத்தின் பக்கத்தில் அதுவரை துடித்துக்கொண்டிருந்த சாதாரணத் தசை செல்களேதான் தங்களுக்குள் இருந்த சுருங்கும் இழைகளை ஓரளவு பிரித்துப்போட்டு, கொஞ்சம் இளமைக்குத் திரும்பி, இரண்டாகப் பிரிந்து, மறுபடி தசையாகியிருக்கின்றன. ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்றுகிற வேலை இது.

இதே காலத்தில் மனித இதயத்திலும் ஸ்டெம் செல் இருக்கிறது, எடுத்துப் பெருக்கித் திரும்பச் செலுத்தலாம் என்று ஒரு பெரிய ஆராய்ச்சி அலை அடித்தது, நோயாளிகள்மேல் சோதனைகள்கூட நடந்தன. கடைசியில் 2018-ல் அந்த அலையைத் தொடங்கிவைத்த ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியும் அதைச் சேர்ந்த மருத்துவமனையுமே கேட்டுக்கொண்டன. மீன் 2010-லேயே எச்சரித்திருந்தது என்பது என் எண்ணம். பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உங்கள் ‘ஏன் முடியவில்லை’ என்ற கேள்விக்கு வருகிறேன். நமக்கு அது சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. 2011-ல் வெளிவந்த சோதனையில், பிறந்து ஒரே நாளான சுண்டெலிக் குட்டியின் இதய நுனியை வெட்டினார்கள், மூன்று வாரத்தில் வளர்ந்துவிட்டது. ஏழு நாள் குட்டிக்கு வளரவில்லை, தழும்புதான். ஆக, பாலூட்டிகளிடமும் அந்தத் திறன் இருக்கிறது, பிறந்த சில நாட்களில் கதவு சாத்தப்படுகிறது, அவ்வளவுதான். சாத்துவது யார் என்பதில் பல சந்தேக நபர்கள். பிறந்ததும் திடீரென்று கூடும் ஆக்சிஜன் ஒன்று, தைராய்டு ஹார்மோன் ஒன்று. வெப்ப ரத்தப் பிராணியாக வாழ்வதற்கு நாம் கொடுத்த விலை இது என்று ஒரு வாதம் உண்டு, எனக்கு அது ஏற்கும்படி இருக்கிறது. இன்னொன்று, ஜீப்ரா மீனின் இதயத் தசை செல்களில் பெரும்பாலும் இரண்டு தொகுதி குரோமோசோம்தான் இருக்கும், நம்முடையவற்றில் பெரும்பாலானவை அதற்கு மேல் வைத்திருக்கின்றன. மீனின் செல்களையும் வேண்டுமென்றே அப்படி ஆக்கிப் பார்த்தபோது அதன் இதயமும் வளர மறுத்தது.

வளர்ந்த மனிதனிடம் அந்தக் கதவு முழுக்க மூடவுமில்லை. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் நம் செல்களின் டிஎன்ஏவிலும் ஏறியிருக்கிறது. அதை வைத்து செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள் (குண்டு போட்டவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்). 25 வயதில் இதயத் தசை செல்களில் வருடத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் புதுப்பிக்கப்படுகிறது, 75 வயதில் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஒரு பெரிய மாரடைப்பில் சாகும் செல்கள் 100 கோடி வரை போகலாம். இந்த வேகம் எந்த மூலைக்கு?

‘மீன்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தப்பு. மெடாகா என்ற மீனும் ஜீப்ரா மீன் அளவுதான், அதே மாதிரி தொட்டியில் வளர்வதுதான், அதன் இதயம் வளராது. காயத்துக்குள் போய்க் குப்பையைத் தின்று சுத்தம் செய்யும் மேக்ரோபேஜ் செல்கள் அதில் தாமதமாக வருகின்றன என்பது ஒரு காரணம். மெக்சிகோவில் ஒரே இனத்து மீன் ஆற்றிலும் இருக்கிறது, இருட்டுக் குகைகளிலும் இருக்கிறது. ஆற்று மீன் இதயத்தை வளர்த்துக்கொள்கிறது, ஒரு குகையிலிருந்து எடுத்து ஆராய்ந்த கண்ணில்லாத மீனுக்குத் தழும்பு விழுகிறது. நோய் எதிர்ப்பு செல்கள், ரத்த நாளங்கள், இதயத்தின் வெளியுறை எல்லாம் நேரத்துக்கு வந்து கூட்டாகச் செய்யும் காரியம் இது. ஒரு மரபணுவை எடுத்து ஒட்டும் சமாச்சாரமில்லை.

தழும்பையும் எதிரியாகப் பார்க்காதீர்கள். நம் இதயம் தள்ளும் அழுத்தம் மீனுடையதைவிடப் பல மடங்கு, காயம் பட்ட இடம் உடனடியாக இறுகாவிட்டால் கிழிந்துவிடும். உங்கள் அப்பாவைக் காப்பாற்றியதில் அதற்கும் பங்கு உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், வெட்டாமல் இதயத்தின் ஒரு பகுதியை உறைய வைத்துக் காயப்படுத்தினால் ஜீப்ரா மீனுக்கும் தழும்பு வருகிறது, அப்புறம் சில மாதங்களில் அது அந்தத் தழும்பைக் கரைத்துவிட்டுத் தசையை வைக்கிறது. எப்படிக் கரைக்கிறது என்பதைத்தான் நாம் அதனிடம் முதலில் கற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கதவை வலுக்கட்டாயமாகத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2019-ல் மாரடைப்பு உண்டாக்கிய பன்றிகளின் இதயத்தில், செல்களைப் பிரியத் தூண்டும் ஒரு மைக்ரோ ஆர்என்ஏவை (மரபணுக்களின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் சின்ன மூலக்கூறு) செலுத்தினார்கள். தழும்பு குறைந்தது, தசை கூடியது, இதயம் நன்றாகவே சுருங்கியது. ஆனால் தூண்டியதை நிறுத்த வழியில்லை, இளமைக்குத் திரும்பிய செல்கள் திரும்பிய நிலையிலேயே இருந்துவிட, பெரும்பாலான பன்றிகள் துடிப்புத் தாறுமாறாகித் திடீரென்று செத்துப்போயின. மீன் தொடங்கவும் செய்கிறது, சரியான நேரத்தில் நிறுத்தவும் செய்கிறது. அந்த இரண்டாவது பாதிக்கு 5 வருடம் போதும் என்று யாராவது சொன்னால் எந்த அடிப்படையில் என்று கேளுங்கள்.

அப்பா மாத்திரைகளை விடாமல் சாப்பிடட்டும். அவை செத்த தசையைத் திருப்பித் தராது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றும், இன்றைக்குக் கையில் இருப்பது அதுதான். அந்தக் காணொளியின் கடைசியில் இதயத்தை வளர்க்கும் மருந்து என்று ஏதாவது விற்றார்களா? விற்றிருந்தால் வாங்காதீர்கள், ஏற்கெனவே வாங்கியிருந்தால் அடுத்தமுறை போகும்போது டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அன்புடன்