பதில் வராத நாட்களில் ஜெபிப்பது எப்படி?

கணவரின் சிகிச்சைக்காக வேலூரில் மாதக்கணக்கில் விடுதி அறையில் தங்கியிருக்கும் நீங்கள், ஜெபிக்கச் சொற்களே வருவதில்லை, இது விசுவாசக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் பதில். லூக்கா சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், நியாயம் கேட்டுப் போன விதவை ஒரு அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திறமையாக வாதாடியதாக ஒரு வரியும் இல்லை. ஓயாமல் போய் நின்றாள், அவ்வளவே. (தேவன் அவனைப் போன்றவர் என்பதல்ல அங்கே பொருள், அவனே இணங்கினான் என்றால் தேவன் கேட்பது எவ்வளவு நிச்சயம் என்பதே இயேசுவின் வாதம்.) சொற்கள் வற்றும்போது வேதாகமத்தின் பாடல்களான சங்கீதங்களிலிருந்து கடன் வாங்குங்கள்: 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று மீண்டும் மீண்டும் கேட்கிறது, 88-ஆம் சங்கீதமோ ஆறுதல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது, இரண்டுமே ஜெபமாகத்தான் வேதத்தில் இடம்பெற்றிருக்கின்றன. பரிசோதனை முடிவுக்காக வரிசையில் காத்திருக்கும் நேரத்தில், அவற்றில் ஒரே ஒரு வரியை மனதுக்குள் சொன்னாலும் போதும்.