எல்லாமே பச்சை, ஆனால் தரவு வரவில்லை: மெஷ் நெட்வொர்க்கில் நோட்களின் நிலையை அறிவது எப்படி?

கேள்வி: 40 சென்சார் நோட்கள் (சிறு கருவிகள்) உள்ள, ஒன்றின் தரவை இன்னொன்று கடத்தும் வயர்லெஸ் மெஷ் நெட்வொர்க் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நோடும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவீடு அனுப்ப வேண்டும். டேஷ்போர்டில் எல்லாமே 'கனெக்டட்'. ஆனால் சிலவற்றிலிருந்து மணிக்கணக்கில் தரவு வருவதில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா நோட்களுக்கும் பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்கும் செய்தி) அனுப்பலாமா? எந்த நோட் எந்த வழியாக வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பிங் வேண்டாம். பேட்டரியில் ஓடும் நோட் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஜிக்பீ என்ற மெஷ் வகையில், தூங்கும் கருவிக்கு வரும் செய்தியை அதன் பேரன்ட் ரூட்டர் (அதன் தரவை அடுத்துக் கடத்தும் நோட்) வாங்கி வைத்துக்கொண்டு வழக்கமாக 7.68 விநாடி காத்திருக்கும். அதற்குள் கருவி எழுந்து கேட்காவிட்டால் செய்தி போய்விடும். நோட் நன்றாகவே இருக்கும், பிங் மட்டும் தோற்றிருக்கும். போதாக்குறைக்கு, கேட்வேக்கு (மெஷ்ஷின் தரவை வாங்கி சர்வருக்கு அனுப்பும் கருவி) பக்கத்தில் உள்ள நோட்கள்தான் மற்ற எல்லா நோட்களின் பிங்கையும் சுமக்க வேண்டும்.

'கனெக்டட்' என்பதற்குப் பல டேஷ்போர்டுகளில் ஒரே பொருள்தான்: இந்த நோட் எப்போதோ நெட்வொர்க்கில் சேர்ந்தது, விலகுகிறேன் என்று இதுவரை சொல்லவில்லை. பேட்டரி தீர்ந்த நோட் விடைபெற்றுக்கொண்டா போகும்?

ஆகவே நிலையைக் கேட்டு வாங்காதீர்கள், அளவீட்டோடு சேர்த்தே அனுப்பவையுங்கள். ஜிக்பீ போன்றவை பயன்படுத்தும் 802.15.4 ரேடியோவில் ஒரு ஃபிரேம் (ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு) 127 பைட் வரை போகும். உங்கள் அளவீடு அதில் கொஞ்ச இடத்தைத்தான் பிடிக்கும். வரிசை எண், பேரன்ட்டின் முகவரி, பேரன்ட் எத்தனை முறை மாறியது, எத்தனை முறை ரீபூட் ஆனது, பேட்டரி வோல்ட்டேஜ் என எல்லாம் சேர்த்தாலும் பத்து பைட்டுக்குள் முடித்துவிடலாம்.

இவற்றில் முக்கியமானது வரிசை எண். தரவு வராத நேரம் முடிந்து நோட் மறுபடி பேசும்போது அந்த எண்ணைப் பாருங்கள். 210-க்கு அப்புறம் 236 வந்தால், நோட் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது, வழியில் தொலைந்திருக்கிறது: ரூட்டிங் அல்லது ரேடியோ கோளாறு. எண் மறுபடி 1-லிருந்து தொடங்கினால் நோட் ரீபூட் ஆகியிருக்கிறது. முதலில் பேட்டரியையும் ஃபர்ம்வேரையும் (நோடுக்குள் ஓடும் மென்பொருள்) சந்தேகப்படுங்கள். எண்கள் விடாமல், ஆனால் மொத்தமாகத் தாமதித்து வந்தால் மெஷ்ஷை விட்டுவிட்டு கேட்வேயிலிருந்து சர்வருக்குப் போகும் இணைப்பைப் பாருங்கள். இதற்காகவே பாக்கெட் வந்த நேரத்தை கேட்வேயிலேயே பதிய வேண்டும். எண்ணுக்கு 2 பைட் கொடுங்கள். 1 பைட் என்றால் உங்கள் இடைவெளியில் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை எண் சுற்றி வந்துவிடும்.

எத்தனை பாக்கெட் தவறினால் எச்சரிப்பது? நூற்றுக்கு 90 பாக்கெட் வந்து சேரும் நெட்வொர்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 நோட்களிலிருந்து ஒரு நாளைக்கு 11,520 பாக்கெட் வர வேண்டும். தொடர்ந்து 3 தவறினால் அலாரம் என்று வைத்தால், எந்தக் கோளாறும் இல்லாமலே நாளுக்கு பத்து அலாரம் அடிக்கும். 4 என்றால் ஏறக்குறைய ஒன்றாகக் குறையும். நடைமுறையில் பாக்கெட்டுகள் கொத்தாகத்தான் தொலையும் என்பதால் நான் 6 வரை, அதாவது அரை மணி நேரம் பொறுப்பேன். அலாரம் அடிக்கடி பொய் சொன்னால் பார்ப்பவர் அதை அணைத்துவிடுவார்.

வழி அறிவது இதைவிடச் சுலபம். சென்சார் நெட்வொர்க்கில் தரவு பெரும்பாலும் ஒரே கேட்வேயை நோக்கித்தான் போகிறது. ஒவ்வொரு நோடும் தன் பேரன்ட்டைச் சொன்னால் போதும், முழு மரத்தையும் கேட்வேயில் வரைந்துவிடலாம். ஆறு நோட்கள் ஒரே நேரத்தில் நின்று, ஆறும் ஒரே பேரன்ட்டுக்குக் கீழ் இருந்தால் ஆறு இடத்துக்கு ஓட வேண்டாம், அந்த ஒன்றைப் பார்த்தால் போதும். அடுத்த நல்ல பேரன்ட் யார் என்பதையும் அவ்வப்போது அனுப்பவையுங்கள். மாற்றுவழியே இல்லாத நோட்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பேரன்ட் அவ்வப்போது மாறுவது இயல்பு. ஒரே நோட் ஒரு மணி நேரத்தில் பத்து முறை மாறினால்தான் யோசிக்க வேண்டும். அதுவும் தினமும் குறிப்பிட்ட வேளையில் மட்டும் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் வைஃபை குறுக்கிடுகிறதா என்று பாருங்கள்.

சிக்னல் அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கேட்வே காட்டும் ஆர்எஸ்எஸ்ஐ (வந்த சிக்னலின் வலிமை) கடைசித் தாவலுக்கு, அதாவது ஒரு நோடிலிருந்து அடுத்ததற்குப் போகும் கடைசிப் படிக்கு உரியது. மூன்று தாவல் தள்ளி இருக்கும் நோடுக்கு '-60' என்று காட்டினால், அது கேட்வேக்குப் பக்கத்து ரூட்டரின் சிக்னல். இன்னொன்று, வந்து சேர்ந்த பாக்கெட்டுக்கு மட்டும்தான் ஆர்எஸ்எஸ்ஐ உண்டு, தொலைந்ததற்குக் கிடையாது. ஒரு பாக்கெட்டைச் சேர்க்க சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கிறது என்று சொல்லும் இடிஎக்ஸ் நம்பகமானது. 1 என்றால் அருமை, 3-ஐத் தாண்டினால் அந்த இணைப்பு தள்ளாடுகிறது.

ஆர்பிஎல் என்ற ரூட்டிங் நெறிமுறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதன் ரூட்டிங் செய்திகளை உயிர்த்துடிப்பாக எண்ணாதீர்கள். நெட்வொர்க் நிலையாக இருக்கும்போது டிரிக்கிள் டைமர் அவற்றின் இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். இயல்பு அமைப்பில் 2.3 மணி நேரம் வரை. அங்கே அமைதிதான் நல்ல செய்தி, திடீரென்று செய்திகள் பெருகினால் எங்கோ மரம் கலைகிறது.

ஃபர்ம்வேரை மாற்ற முடியாத ஆயத்த ஜிக்பீ கருவிகளாக இருந்தால் வசதி குறைவு. மென்பொருள் வரையும் நெட்வொர்க் வரைபடத்தில் உள்ள கோடுகள் பெரும்பாலும் யார் யாருக்கு அண்டை என்பதைத்தான் காட்டும், பாக்கெட் போகும் பாதை அதுவேதான் என்று சொல்ல முடியாது. அதை அடிக்கடி புதுப்பித்தால் ஒவ்வொரு ரூட்டரிடமும் போய்க் கேட்பதால் வேறு நெரிசல். அங்கே 'கடைசியாகப் பேசிய நேரம்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வகைக் கருவியும் அனுப்பும் இடைவெளிக்கு ஏற்பத் தனித்தனி வரம்பு வையுங்கள். அசைந்தால் மட்டும் பேசும் கதவு சென்சாருக்கும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை பேசும் வெப்பநிலை சென்சாருக்கும் ஒரே வரம்பு சரிப்படாது.