மலைக்கு எந்தப் பக்கம்?

கேள்வி: போன இதழில் ஜார்ஜியா, ஆர்மீனியா, அசர்பைஜான் பற்றிய கட்டுரை முழுக்க 'தென் காக்கசஸ்' என்றே எழுதியிருக்கிறீர்கள். சோவியத் காலத்து வரைபடங்களில் நாங்கள் பார்த்தது 'டிரான்ஸ்காக்கேசியா'. அது வெறும் பூகோளச் சொல். மேற்கு நாட்டுக்காரர்கள் அரசியலுக்காக மாற்றினால் நீங்களும் கூடவே மாற்றுவதா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: வெறும் பூகோளம் என்றால் திசையைச் சொன்னாலே போதும், 'தெற்கு' என்பது அதைத்தான் செய்கிறது. 'டிரான்ஸ்' என்றால் அப்பால். யாருக்கு அப்பால்? ரஷ்ய மொழியில் 'ஸகாவ்காஸ்யே' என்பார்கள், காக்கசஸ் மலைத்தொடருக்குப் பின்னால் இருப்பது என்று பொருள். மாஸ்கோவிலிருந்து தெற்கே பார்க்கிறவருக்குத்தான் ஜார்ஜியாவின் திபிலிசி மலைக்குப் பின்னால் இருக்கிறது. ஆர்மீனியாவின் யெரெவானில் இருப்பவருக்கோ தெஹ்ரானில் இருப்பவருக்கோ மலைக்குப் பின்னால் இருப்பது ரஷ்யா.

அந்தப் பார்வை அங்கே எப்படி வந்தது என்பதும் ஒன்றும் ரகசியமில்லை. 1801இல் ஜார் அரசு கிழக்கு ஜார்ஜியாவை எடுத்துக்கொண்டது, அப்புறம் பாரசீகத்தோடு இரண்டு போர்கள், 1813இல் குலிஸ்தான் ஒப்பந்தம், 1828இல் துர்க்மென்சாய் ஒப்பந்தம், அதோடு இன்றைய அசர்பைஜானும் கிழக்கு ஆர்மீனியாவும் ரஷ்யாவின் கையில். மலையைத் தாண்டிப் போன படைக்கு அது 'அப்பால்'தான். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் தங்கள் ஊரை அப்படியே பார்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? மேற்கு நாட்டுக்காரர்கள் மாற்றினார்கள் என்கிறீர்கள், ஆனால் இந்த ரஷ்யச் சொல்லுக்கு லத்தீன் முன்னொட்டு போட்டு உலகம் முழுக்கப் பரப்பியதே அவர்களுடைய மொழிகள்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஜார்ஜியர்கள் செய்தது. அவர்கள் மொழியில் இந்தப் பகுதிக்குப் பெயர் 'அமியெர்காவ்காசியா', அதாவது இந்தப் பக்கத்துக் காக்கசஸ். மலைக்கு வடக்கே இருப்பது 'இமியெர்காவ்காசியா', அந்தப் பக்கத்துக் காக்கசஸ். 1922இல் சோவியத் ஒன்றியத்தை உருவாக்கிய நான்கு குடியரசுகளில் ஒன்றான டிரான்ஸ்காக்கேசியக் கூட்டாட்சிக்கும் இதே கதைதான்: ஒரே அரசு, ரஷ்ய மொழியில் அது அப்பால், ஜார்ஜிய மொழியில் அது இப்பால். ஜார்ஜியர்களையும் ரொம்பப் புகழ வேண்டாம். குத்தாய்சி நகரைச் சுற்றியுள்ள மேற்கு ஜார்ஜியப் பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் இமெரேத்தி, நடுவே நிற்கும் லிக்கி மலைக்கு 'அந்தப் பக்கம்' என்று பொருள். குத்தாய்சிக்காரர்கள் தங்களுக்கே அந்தப் பக்கத்தவர்கள்!

பூகோளமாகவாவது அந்தச் சொல் சரியா என்றால் அதுவும் இல்லை. ஜார்ஜியாவின் துஷேத்தி என்ற பகுதி காக்கசஸ் மலையின் வடக்குச் சரிவில் இருக்கிறது, ரஷ்யக் கணக்கிலேயே அது 'இப்பால்'. ஆர்மீனியாவை இந்த மலையின் முக்கியத் தொடரான பெருங்காக்கசஸ் தொடவே இல்லை, இடையில் ஜார்ஜியா கிடக்கிறது. அங்கே ஓடுவது சிறு காக்கசஸ், அவர்கள் மனதில் நிற்பதோ இன்று துருக்கிக்குள் இருக்கும் அராரத் மலை. மூன்று நாடுகளுக்கும் பொதுவாக மொழிக் குடும்பம் இல்லை, எழுத்தும் இல்லை. 1918 ஏப்ரலில் மூவரையும் சேர்த்து ஒரு கூட்டாட்சிக் குடியரசு அறிவித்தார்கள், ஐந்து வாரம் தாங்கியது. சோவியத் ஆட்சியில் மறுபடி சேர்த்துக் கட்டிய கூட்டாட்சியை 1936இல் சோவியத் ஆட்சியே பிரித்துவிட்டது.

அப்படியானால் உக்ரைனின் மேற்கு மாகாணமான ஸகார்பாத்யாவை என்ன செய்வீர்கள் என்று அடுத்த கடிதம் வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதுவும் கார்பாத்திய மலைக்கு 'அப்பால்' என்ற பெயர்தான், கீவ் பக்கம் நின்று வைத்தது. ஹங்கேரியர்களுக்கு அதே மண் 'கார்பாட்டால்யா', மலையடிவாரம். செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்தபோதும் மலையடி என்ற பெயர்தான், 1944-45இல் சோவியத் கைக்கு வந்தபோதுதான் அது அதிகாரப்பூர்வமாக 'அப்பால்' ஆனது. ஆனாலும் அந்தப் பெயரை மாற்ற மாட்டோம். அதன் தலைநகரான உஷ்ஹோரோதில் இருக்கும் உக்ரைனியர்கள் தங்கள் மாகாணத்தைத் தாங்களே அப்படித்தான் சொல்கிறார்கள், அங்கே உள்ள ஹங்கேரியர்கள் தங்கள் பெயரை விடாமல் வைத்திருக்கிறார்கள். இடத்துக்காரர்கள் ஏற்றுக்கொண்ட பெயரில் நமக்கு என்ன வழக்கு?

திபிலிசி, யெரெவான், பாக்கு மூன்றும் இன்று தனி நாடுகளின் தலைநகரங்கள். மாஸ்கோவில் நின்று அவர்களைப் பார்க்க வேண்டிய தேவை இந்த இதழுக்கு இல்லை. 'தென் காக்கசஸ்' ஒன்றும் குறையில்லாத பெயர் என்று சொல்லவில்லை, ஆர்மீனியாவும் அசர்பைஜானும் கராபாக் பகுதிக்காகப் போரிட்ட பிறகு இருவரையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது அவர்களுக்கே உறுத்தும். 1918இலும் 1922 முதல் 1936 வரையும் இருந்த கூட்டாட்சிகளைப் பற்றி எழுதும்போது டிரான்ஸ்காக்கேசியா என்றே போடுவோம், அது அவற்றின் பெயர். இன்றைய நாடுகளுக்குத் தென் காக்கசஸ். அதுவும் பிடிக்கவில்லையா, சரி, ஜார்ஜியா, ஆர்மீனியா, அசர்பைஜான் என்று மூன்றையும் எழுதிவிடுகிறோம், அச்சில் அரை வரிதான் கூடும்.