பொருநை என்று தேடினால் தாமிரபரணி வராது

மின்னூல் சேர்ப்பவர்களின் கேள்விகள் இந்த முறை நம்ம திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தே நிறைய.

தலைப்புவாரியாக ஃபோல்டர் போட்டும் வேண்டிய புத்தகம் கிடைப்பதில்லையே? (பாளையங்கோட்டை)

ஃபோல்டரில் ஒரு புத்தகத்துக்கு ஒரே இடம்தான். அணைக்கட்டுகளைப் பற்றிய நூலை வரலாற்றில் வைப்பீர்களா, விவசாயத்திலா? காலிபர் என்ற இலவச மென்பொருளில் சேர்த்துவிட்டால் ஒரே நூலுக்கு எத்தனை டேக் (அடையாளச் சொல்) வேண்டுமானாலும் போடலாம். ஒரு எச்சரிக்கை: காலிபர் தன் ஃபோல்டர்களுக்குத் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் வைக்கும். பார்க்கச் சகிக்கவில்லை என்று நான் கையால் மாற்றினேன். பாதிப் புத்தகங்களைக் காணோம் என்றது. உள்ளே கை வைக்காதீர்கள்.

பிடிஎஃபில் கண்ணெதிரே இருக்கிற சொல்லைத் தேடினால் 'இல்லை' என்கிறது. (அம்பாசமுத்திரம்)

எனக்கு அதிகம் வருகிற புகார் இதுதான். ஒரு வரியை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையா? அது ஸ்கேன் செய்த படம். படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். அது சிரமம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். மங்கிய பழைய அச்சில் பிழைகள் வரும், ஆனால் தேடலுக்குப் போதும்.

ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறதா? பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. அதை இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுக்க வேண்டும்.

தமிழாகவே ஒட்டுகிறது, ஆனாலும் அகப்படவில்லை என்றால் எழுத்தைக் கவனியுங்கள். ஔவையாரின் 'ஔ'வை பலர் 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. கொம்பு எழுத்துகள் இடம் மாறி ஒட்டுவதும் உண்டு. அப்புறம் வேற்றுமை உருபு: 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்' வராது. 'குளத்' என்றும் ஒரு தடவை தேடுங்கள்.

ஒரே எழுத்தாளர் மூன்று பெயரில் நிற்கிறார். (தென்காசி)

இன்ஷியலுக்குப் பின் இடைவெளி விட்டால் ஒருவர், விடாவிட்டால் இன்னொருவர். காலிபரின் ஆசிரியர் பட்டியலில் போய்ப் பெயரை ஒன்றாக்கினால் நூல்களும் ஒன்று சேர்ந்துவிடும். புனைபெயர்களை மட்டும் அப்படிக் கலக்காதீர்கள். நம்மூர் வண்ணதாசன் கவிதைக்குக் கல்யாண்ஜி. அட்டையில் உள்ள பெயரே இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே டேக் போட்டால் போதும்.

தாமிரபரணி பற்றி என்னிடம் உள்ள எல்லாவற்றையும் ஒரே தேடலில் எடுக்க வேண்டும். (கல்லிடைக்குறிச்சி)

காலிபரில் 2022 முதல் நூல்களின் உள்ளேயும் தேடலாம். ஆனால் பழைய நூல்களில் அந்த ஆறு பொருநை, தண்பொருநை. திருநெல்வேலியே சிலருக்கு நெல்லை, சிலருக்குத் தின்னவேலி. எந்த மென்பொருளும் இதைத் தானாக அறியாது, அண்ணாச்சி. 'தாமிரபரணி' என்று ஒரே டேக் முடிவு செய்து, எந்தப் பெயரில் வந்தாலும் அதையே போடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து புத்தகம் போதும், ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

எத்தனை நகல் வேண்டும்? (வண்ணாரப்பேட்டை)

கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் ஒன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்தீர்கள்தானே.