துப்பு துலக்குவதை நிறுத்திவிடட்டுமா?

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு 61 வயது. கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறேன். இரண்டு விஷயங்கள்மேல் எனக்கு உயிர். ஒன்று, ருசியாகச் சாப்பிடுவது. இன்னொன்று, ஊரில் நடக்கும் புரியாத சங்கதிகளைத் துருவித் துருவிக் கண்டுபிடிப்பது. போன வருடம் ஒருவருடைய படகு காணாமல் போனது. அவரிடம் வேலை பார்த்த பையன்மேல் எல்லோரும் பழி போட்டார்கள். அது பௌர்ணமி இரவு. கடல் வழக்கத்தைவிட மேலே ஏறியதை நான் பார்த்திருந்தேன். படகு கட்டியிருந்த முளையைப் போய்ப் பார்த்தால், கயிறு நழுவிய தடம் இருந்தது. இரண்டு நாள் தேடியதில் பாறைகளுக்கு நடுவே படகு கிடைத்தது.

மூன்று வாரங்களுக்கு முன் தெரிந்தவர் வீட்டில் பிறந்தநாள் விருந்து. வறுத்த சூரை மீன் சாப்பிட்ட ஒன்பது பேரில் என்னையும் சேர்த்து ஐந்து பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்துவிட்டன. தலைவலி, படபடப்பு வேறு. சாப்பிடும்போதே எனக்கு நாக்கில் மிளகு பட்டதுபோல் ஒரு சுரீர். மறுநாள் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. சமைத்த பெண் ஊருக்குப் புதியவர். அவருக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் சம்பளத் தகராறு இருந்தது எனக்குத் தெரியும். "அவர்தான் எதையோ கலந்திருக்கிறார்" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். பேச்சு ஊரெல்லாம் பரவி, அவருக்கு வேலை போய்விட்டது. இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. என் மகனோ, "இந்த வேலையெல்லாம் இனி வேண்டாம், சாப்பிட்டோமா தூங்கினோமா என்று இரும்மா" என்கிறான். நிறுத்திவிடட்டுமா அக்கா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த துப்பைத் தேடிக் கிளம்பும் முன் உங்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மீன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "மிளகு பட்டதுபோல் ஒரு சுரீர்" என்று எழுதியிருக்கிறீர்களே, மூன்று முறையும் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே அதிகம். பிடித்த மீனை உடனே நல்ல குளிரில் வைக்காமல் வெயிலிலோ வெறும் தரையிலோ போட்டுவைத்தால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பு வெளிவிடுகிற அதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் முகம் சிவப்பது, தலைவலி, படபடப்பு, அரிப்பு என்று எல்லாம் அலர்ஜி மாதிரியே இருக்கும். சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடலாம். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். சாப்பிடும்போது மிளகுக் காரம்போல இருந்தது என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதுண்டு. மீனைப் பார்த்தும் மோந்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே மீனில்கூட ஒரு துண்டில் அதிகமாகவும் இன்னொரு துண்டில் குறைவாகவும் இருக்கும். ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு மட்டும் வந்தது ஏன் என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருமுறை உருவாகிவிட்ட ஹிஸ்டமின் வேகவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. எவ்வளவு கைதேர்ந்தவர் சமைத்தாலும் அந்த மீனை மீட்டிருக்க முடியாது. நான் டாக்டர் இல்லை. மீதி மீனைச் சோதித்திருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் எழுதிய ஒவ்வொரு அறிகுறியும் இதோடு பொருந்துகிறது. யாரோ கையால் எதையோ கலந்தார் என்பதற்கு ஒரு சான்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. சம்பளத் தகராறு சான்று ஆகாது. வேலைக்குப் போகிற யாருக்குத்தான் அது இல்லை?

படகு விஷயத்தில் நீங்கள் எவ்வளவு அழகாக நடந்துகொண்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஊர் முழுக்க "யார் எடுத்தது?" என்று கேட்டபோது, நீங்கள் மட்டும் "எப்படிப் போயிருக்கும்?" என்று கேட்டீர்கள். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிக் கடல் கூடுதலாக ஏறும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிட இடைவெளி. அதனால் நாளுக்கு நாள் அது சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது கண்ணெதிரே நடப்பது. ஆனால் ஒரு பையன்மேல் கோபம் வந்துவிட்டால் கடலைத் திரும்பிப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றாது. உங்களுக்குத் தோன்றியது. மீன் விஷயத்தில் மட்டும் நீங்களும் ஊரோடு சேர்ந்து "யார்?" என்பதிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள். அப்படி ஆரம்பித்தால் கைக்குக் கிடைக்கிறவர் பெரும்பாலும் புதிதாக வந்தவராக, ஏழையாக, பரிந்துபேச ஆளில்லாதவராகத்தான் இருப்பார்.

1906 கோடையில் அமெரிக்காவில், லாங் ஐலண்டின் கரையில் உள்ள ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் இதேபோல் ஒன்று நடந்தது. வங்கி அதிபர் ஒருவரின் குடும்பம் கோடைக்கு வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு வந்தது. துப்பு துலக்க வந்த ஜார்ஜ் சோப்பர் டாக்டர் அல்ல, சுகாதாரப் பொறியாளர். கடற்கரையில் ஒரு பூர்வகுடிப் பெண் கூடாரம் போட்டு வாழ்ந்துவந்தார். அந்த வீட்டுக்கு அவரிடமிருந்துதான் மட்டி வாங்கியிருந்தார்கள் என்பதால் முதலில் மட்டிமேல் சந்தேகம் விழுந்தது. சோப்பர் அங்கேயே நின்றுவிடவில்லை. மட்டி காரணம் என்றால், தினமும் மட்டி சாப்பிடுகிற ஊர்க்காரர்களுக்கும் காய்ச்சல் வந்திருக்க வேண்டுமே, ஏன் இந்த ஒரு வீட்டில் மட்டும் என்று யோசித்தார். அந்த ஒரு கேள்வியால் மட்டி விற்ற பெண்மேல் இருந்த பழி விலகியது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம்தான் அவர் சமையல்காரர் மேரி மாலனிடம் வந்து சேர்ந்தார். சூடாகச் சமைத்த உணவில் கிருமி சாகும். மேரி பீச் பழத்தைப் பச்சையாக நறுக்கிப் போட்டு ஐஸ்கிரீம் கொடுப்பார். அதில் சாகாது. அவர் முன்பு வேலை பார்த்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போனால் அங்கேயும் டைபாய்டு வந்துபோயிருந்தது. "பார்த்தீர்களா, கடைசியில் சமையல்காரர்தானே" என்று நீங்கள் சொல்லலாம். ஆமாம். ஆனால் அவர் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. தனக்கு நோயே தெரியாமல் கிருமியைச் சுமந்தவர். சோப்பர் அவரிடம் நயமாகப் பேசவும் இல்லை. நேரே அடுப்படிக்குப் போய், நீங்கள்தான் நோயைப் பரப்புகிறீர்கள், மலமும் சிறுநீரும் ரத்தமும் சோதனைக்கு வேண்டும் என்று கேட்டார். மேரி இறைச்சி வெட்டும்போது பிடித்துக்கொள்கிற பெரிய முள்கரண்டியை எடுத்துக்கொண்டு அவரைத் துரத்தினார். அன்று உடைந்த நம்பிக்கை கடைசிவரை ஒட்டவே இல்லை. 1907-இல் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஒரு தீவில் தனிமைப்படுத்தினார்கள். 1910-இல் விட்டார்கள். வேறு பெயரில் மறுபடி ஒரு பிரசவ மருத்துவமனையில் சமைத்து, அங்கேயும் நோய் பரவ, 1915-இல் திரும்பவும் பிடித்தார்கள். 1938-இல் இறக்கும்வரை அதே தீவில்தான் இருந்தார். முதல் நாள் யாராவது அவரை உட்காரவைத்து மரியாதையாக, புரியும்படி பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

உங்கள் நாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ருசி தெரிந்தவர் துப்பு துலக்குவதற்குத் தகுதியானவர் என்று நான் நம்புகிறேன். 1854-இல் லண்டனில் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் தெருவில் இருந்த ஓர் அடிகுழாயின் தண்ணீர்மேல் சந்தேகப்பட்டார். அங்கிருந்து தொலைவில், காலராவே இல்லாத ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு மூதாட்டி அதே நோயில் இறந்திருந்தார். விசாரித்ததில், அந்தக் குழாய்த் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், வீடு மாறிய பிறகும் அங்கிருந்தே வரவழைத்துக் குடித்திருந்தார் என்று தெரிந்தது. ஒருவருக்குப் பிடித்த ருசிதான் அங்கே தடயம். சோஹோ பகுதியின் துணைப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட் முதலில் ஸ்நோவை நம்பவே இல்லை. அவர் சொல்வது தவறு என்று காட்டத்தான் வீடு வீடாகப் போனார். போகப் போக, ஸ்நோ சொன்னதே சரி என்று அவருக்குத் தெரிந்தது. அதை ஒப்புக்கொண்டு, நோய் தொடங்கிய வீட்டையும் அவரே கண்டுபிடித்தார். எல்லாக் குடும்பங்களும் அவருக்குப் பழக்கம், அதனால் கதவைத் திறந்து பேசினார்கள். உங்களுக்கும் அந்த வசதி இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற அதிகாரிக்கு அது கிடைக்காது.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள்மேல் எனக்குக் கோபம். சுரீர் என்றதும் தட்டை ஒதுக்கியிருக்க வேண்டாமா? மற்றவர்களையும் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டாமா? சந்தேகமான உணவை இன்னொரு வாய் வைத்துப் பார்ப்பதைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். கடலில் சில வகை நுண்பாசிகள் பெருகும் காலத்தில் சிப்பியிலும் மட்டியிலும் சேருகிற நஞ்சு உயிரையே எடுக்கக்கூடியது. அதற்கு ருசியும் கிடையாது, மணமும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. பேத்தை மீனின் நஞ்சும் அப்படித்தான். அடுத்த முறை இப்படி நடந்தால், மூச்சுத் திணறல், மயக்கம், உதடு மரத்துப்போவது என்று ஏதாவது இருக்கிறவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மீதி உணவை மூடி, ஃபிரிட்ஜில் தனியாக வைத்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுங்கள். யார் எதைச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு, எப்போது உடம்பு சரியில்லாமல் போனது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். ஒன்றும் ஆகாதவர்களைத்தான் முக்கியமாகக் கேளுங்கள். நோட்டில் பெயர்களைவிட நேரங்கள் அதிகமாக இருக்கட்டும். அடிதடி, திருட்டு, சாவு என்று வந்தால் போலீஸுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுங்கள்.

மகன்மேல் வருத்தப்படாதீர்கள். அம்மா தனியாக இருக்கிறாரே என்ற பயத்தில் சொல்கிறார். ஆனால் "சாப்பிட்டோமா தூங்கினோமா" என்று இருக்க உங்களால் முடியாது. கணவர் போன பிறகு உங்களை வீட்டைவிட்டு வெளியே இழுத்துவந்தது இந்த ஆர்வம்தான் என்று நினைக்கிறேன். அதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள்.

இனி அந்தப் பாக்கி வேலை. அந்தப் பெண்ணுக்கு வேலை போய் எத்தனை நாள் ஆகிறது? அவர் வீட்டில் எத்தனை பேர் சாப்பிட வேண்டும்? இன்றைக்கே நீங்கள் யார் யாரிடம் சொன்னீர்களோ அந்த நாலு பேரிடமும் போய், "நான் சொன்னது தவறு, எனக்கு எந்த ஆதாரமும் இல்லை" என்று அதே வாயால் சொல்லுங்கள். வேலையைவிட்டு அனுப்பிய வீட்டுக்காரரிடம் போய் ஹிஸ்டமின் விஷயத்தை விளக்கிச் சொல்லுங்கள். மழுப்பாமல் சொல்லுங்கள். மறுபடி சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றால், வேறு இடத்தில் வேலை கிடைக்க நீங்களே நாலு வீடு ஏறி இறங்குங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு அவரிடம் போங்கள். நீங்கள் போனதும் அவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அது அவருடைய உரிமை. மன்னித்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

என்றாவது ஒருநாள் அவர் உங்களை உட்காரச் சொன்னால், இந்த மூன்று வாரத்தில் நீங்கள் கேட்காமல் விட்டதை அவரிடம் கேளுங்கள். நாலு பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள், அந்த மீனைக் கையில் வாங்கியவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தது, யார் கொண்டுவந்தார், பெட்டியில் ஐஸ் இருந்ததா, தொட்டபோது சில்லென்று இருந்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.