ஓடைச் சீரமைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தடுப்பணையைப் பற்றியவை. அவற்றில் ஓடையின் அகலத்தையும் சரிவையும் குறிப்பிட்டவர்கள் இருவர் மட்டுமே.

கேள்வி (கோத்தகிரி): நான் பொறியியல் படிக்கவில்லை. ஓடைச் சீரமைப்புத் திட்டம் வரைய எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நூறு மீட்டர் ஓடையைத் தேர்ந்துகொண்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் அதைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். நாடா, டியூப் லெவல் (மட்டம் பார்க்க நீர் நிரப்பிய தெளிகுழாய்), அளவுகோல் ஆகிய மூன்றும் போதும். ஐந்து மீட்டருக்கு ஓரிடத்தில் படுகையின் மட்டத்தையும், கரை நிரம்பி ஓடும்போது உள்ள அகலத்தையும் அளந்து நெடுக்குவெட்டாக வரைந்தால், ஓடை எங்கே அரிக்கிறது, எங்கே மணலை இறக்குகிறது என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும். உங்கள் பக்கத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் கரையில் நின்று பார்க்காமல் வரைந்த திட்டத்தை எனக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி (எமரால்டு): எங்கள் ஓடையில் எத்தனை தடுப்பணைகள் கட்டலாம்?

பதில்: அகலம் எழுதவில்லை, சரிவு எழுதவில்லை, படுகை பாறையா மண்ணா என்பதும் இல்லை, பிறகு எண்ணிக்கையை மட்டும் நான் எப்படிச் சொல்வது? பொது விதியைச் சொல்கிறேன். கீழ்த்தடுப்பின் தலையும் மேல்தடுப்பின் அடியும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்; நூற்றுக்கு ஐந்து சரிவில் அரை மீட்டர் உயரத் தடுப்புகளுக்குச் சுமார் பத்து மீட்டர் இடைவெளி வரும். சிமெண்டு தேவையில்லை, கல்லடுக்கே போதும். அந்தக் கல்லையும் படுகையிலிருந்து பெயர்க்காதீர்கள். படுகை அரிக்காமல் காப்பதே அதுதான். இரு முனைகளும் கரைக்குள் நன்றாகப் புதைய வேண்டும். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். நடு தாழாத தடுப்பைச் சுற்றி ஓடை கரையை அறுத்துக்கொண்டு போய்விடும். இதை எத்தனை முறை எழுதினேன் என்பது எனக்கே நினைவில்லை.

கேள்வி (குன்னூர்): ஓடும் நீரின் அளவைக் கருவியில்லாமல் அறிய முடியுமா?

பதில்: ஓர் எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டுப் பத்து மீட்டரைக் கடக்கும் நேரத்தைப் பாருங்கள், கிடைக்கும் வேகத்தில் முக்கால் பங்கை எடுத்து, நீரின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் போதும்.

கேள்வி (கேத்தி): கரை அரிப்புக்கு வெட்டிவேர் நடலாமா?

பதில்: நல்ல வெயில் விழும் கரையானால் நடலாம், நிழலில் அது மெலிந்துவிடும், உறைபனி விழும் பள்ளத்தில் வளர்ச்சி மந்தமாகும். உங்கள் ஓடையின் மேற்பகுதியில் ஆற்றுப்பாலை (வில்லோ இன மரம்) நின்றால், கட்டைவிரல் பருமனுள்ள குச்சிகளை வெட்டி, மொட்டு மேல்நோக்கியிருக்க, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி மழைத் தொடக்கத்தில் ஊன்றுங்கள்.

கேள்வி (குந்தா): ஊருக்கு மேலே சதுப்பு நிலம் வீணாகக் கிடக்கிறது. பொக்லைன் வைத்துக் குளமாக்கினால் கோடைக்குத் தண்ணீர் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது, இருப்பதும் போகும். "வீணாக" என்னும் இந்தச் சொல்லோடுதான் நான் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே பள்ளத்தில் கிடக்கும் அந்தக் கருமண், முழுதும் மக்காத செடிகொடிகள் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. நீலகிரிச் சதுப்புகள் சிலவற்றின் அடிப்படிவு 20,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது என்பதைக் கார்பன் கணிப்புகள் காட்டியுள்ளன. ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள்: பழுப்பு நீர் விரலிடுக்கில் வழிந்துபோக, கையில் நார் மட்டுமே மிஞ்சும். பருவமழையைப் பிடித்துவைத்து, மாசி, பங்குனியில் உங்கள் ஊற்றுக்குச் சிறுகச் சிறுக விடுவது அந்த மண்தான். நடுவே குழி வெட்டினால் சுற்றிலும் நீர்மட்டம் இறங்கும். காற்றுப்பட்ட கருமண் மக்கிச் சுருங்கும். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் பழையபடி நீரை உறிஞ்சாது.

எனக்குத் தெரிந்த ஒரு சிற்றூரில் இப்படித்தான் வெட்டினார்கள். வரைபடத்தைக் காட்டிய கூட்டத்தில் வாயைத் திறக்காமல் அமர்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். முதல் கார்த்திகையில் குளம் நிறைந்தது, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். பங்குனியில் போய்ப் பார்த்தபோது, செந்நிறப் படலம் மிதக்கும் நீர் முழங்கால் அளவு நின்றது. கீழே குடிநீர் ஊற்றின் கல்தொட்டியில் பாசி காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

செய்ய வேண்டியது வேறு. உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிட யாராவது வெட்டிய பழைய வடிகால் அந்தச் சதுப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதே இடத்துக் கருமண்ணையும் புற்கரணையையும் (வேரோடு பெயர்த்த புல்கட்டி) தரையில் அடித்த மரமுளைகளுக்கு நடுவே திணித்து, ஓர் அடைப்புக்கும் அடுத்ததற்கும் ஒரு சாணுக்கு மேல் மட்ட வேறுபாடு வராதபடி, வரிசையாக அடையுங்கள். மண் அமுங்கும் என்பதால் அடைப்பைத் தரைமட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். எதையும் நட வேண்டாம். நீர்மட்டம் ஏறினால் கோரை தானாக வரும். நிலம் வனத்துறையுடையதா வருவாய்த்துறையுடையதா என்று கேட்டு, எழுத்தில் அனுமதி பெறாமல் மண்வெட்டியைக்கூட எடுக்காதீர்கள்.

கேள்வி (உதகை): ஓடைக்கரைச் சீகை (வாட்டில்) மரங்களை ஒரே மூச்சில் அகற்றலாமா?

பதில்: கூடாது. அடியோடு பிடுங்காமல் வெட்டி, வேரைக் கரையில் விட்டு, பகுதி பகுதியாகச் செய்யுங்கள். மண்ணிலுள்ள விதை பல ஆண்டுகளுக்கு முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி (மஞ்சூர்): சென்ற ஆண்டு வைத்த மூன்று கல்தடுப்புகளில் ஒன்றை வெள்ளம் கலைத்துவிட்டது. எங்கள் வேலை தவறா?

பதில்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் சுமார் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது, அத்தகைய நீருக்கு எந்தக் கல்லடுக்கும் ஈடு நிற்காது. உங்கள் பக்கத்தில் பெய்தது எவ்வளவு என்பதை நீங்கள் எழுதவில்லை. பெயர்ந்த கற்கள் எங்கே போய் நின்றன என்று பாருங்கள். அவற்றின் பின்னால் மணல் தங்கியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். கலைந்த தடுப்பின் நடுப்பகுதி தாழ்வாக இருந்ததா என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். படம் அனுப்புவதானால், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்புங்கள்.